பனிக்குக் கிழங்கு வைக்கிற பிள்ளைகளுக்கு

ரொறன்ரோவைச் சுற்றி வீடு வாங்கிப் பின்வளவில் தோட்டமும் தொடங்கியிருக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் தக்காளி, மிளகாய், கத்தரி, பயற்றங்காய் என்று ஓகஸ்டில் திக்குமுக்காடிவிட்டு, செப்ரெம்பரோடு மண்வெட்டியைக் கழுவிக் கராச்சில் வைத்துவிடுகிறார்கள். யாராவது ஒருவர் இரண்டு பாத்தி கரட்டும் ஒரு பாத்தி உருளைக்கிழங்கும் போட்டிருப்பார். ஒக்ரோபரில் அவரிடமிருந்துதான் கேள்வி வரும்: “அங்கிள், இவ்வளவையும் என்ன செய்யிறது?” அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சுவதைப் பங்குனி வரை வைத்துச் சாப்பிடலாம். பெரிய செலவில்லை. ஆனால் ஊர்ப் பழக்கம் ஒன்றை மறக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் கிழங்கை வைப்பது என்றால் காயவைப்பது. பனங்கிழங்கைக் கிழித்து வெயிலில் போட்டால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். தண்ணீர் வற்றிவிட்டால் கிழங்கு கெடாது என்பது அங்கத்தைய கணக்கு. இங்கே வேறு கணக்கு. கரட், பீற்றூட், பாஸ்னிப், ருட்டபாகா எல்லாம் இரண்டு வருடப் பயிர்கள். முதல் வருடம் வேரில் சேமித்து, பனிக்காலத்தை நிலத்துக்குள் தூங்கிக் கழித்து, அடுத்த வருடம் பூத்து விதைக்கும். பிடுங்கிய பிறகும் அது உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் தன் சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. சூடு கூடினால் செலவு கூடும், காற்று உலர்ந்தால் வாடும், உறைந்தால் செத்து அழுகும். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த உயிரைச் சாகவும் விடாமல் எழும்பவும் விடாமல் வைத்திருக்கிற வழிகள்.

1. விதைக்கும்போதே பனியை நினையுங்கள்.

விக்ரோறியா டே வார இறுதியில் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊன்றிவிடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. மே மாதம் விதைத்த கரட் ஓகஸ்டில் சாப்பிட நல்லது. ஒக்ரோபர் வரை விட்டால் முற்றி வெடித்து, நடுவில் கட்டையாகிவிடும். வைக்கிற கரட்டை யூன் கடைசியிலிருந்து யூலை நடுப்பகுதிக்குள் விதையுங்கள். பீற்றூட்டும் அப்படித்தான். ருட்டபாகாவுக்கு யூன் நடுப்பகுதி. பாஸ்னிப் மட்டும் நாலு மாதம் கேட்கும். மண் இளகியதும் மே தொடக்கத்திலேயே போட வேண்டும். போன வருடத்துப் பாஸ்னிப் விதையை நம்ப வேண்டாம், அது சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

யூலை வெயிலில் கரட் முளைக்க வைப்பதுதான் கஷ்டம். விதைத்துத் தண்ணீர் விட்டு, வரிசைக்கு மேல் ஈரச் சாக்கையோ பலகையோ போட்டு மூடுங்கள். ஐந்தாறு நாளிலிருந்து தூக்கித் தூக்கிப் பாருங்கள். வெள்ளை முளை கண்ணில் பட்ட அன்றே மூடியதை எடுத்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிறிச் சாய்ந்துவிடும்.

இனத்தையும் பார்த்து வாங்குங்கள். கரட்டில் பொலேரோ, டான்வர்ஸ், பீற்றூட்டில் டெற்றோயிற் டார்க் ரெட், ருட்டபாகாவில் லோறன்ரியன். உருளைக்கிழங்கில் யூகோன் கோல்ட் எனக்குப் பிடித்தது. இங்கே பக்கத்தில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1980இல் வெளிவந்த இனம், பிரட்டலுக்கு அதைப்போல வேறு இல்லை. நெடுநாள் வைக்க ரசெற் பேர்பாங்கோ கெனெபெக்கோ போடுங்கள்.

2. மரவள்ளி ஆசையை விட்டுவிடுங்கள்.

மரவள்ளி கிழங்கு வைக்க எட்டு மாதமாவது வேண்டும். இங்கே உறைபனி இல்லாத காலம் ஐந்து மாதம் சொச்சம். இலை அழகாக வரும், அவ்வளவுதான். வற்றாளைக் கிழங்கு வரும். அதன் இலையை வறையும் செய்யலாம்.

3. எதை முதலில் கிண்டுவது என்று தெரிந்திருங்கள்.

ரொறன்ரோவுக்குள் முதல் உறைபனி பொதுவாக ஒக்ரோபரில் விழும். ஏரிக்கரையை விட்டு வடக்கே போகப் போக அது முந்தும். வற்றாளை உறைபனியைக் காணவே கூடாது. செப்ரெம்பர் கடைசியில் இரவுக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் அதைக் கிண்டிவிட வேண்டும். அதன்பின் உருளைக்கிழங்கு. பீற்றூட்டின் தோள் மண்ணுக்கு மேலே தெரிந்துகொண்டு நிற்பதால் கடும் உறைவில் அது கண்டிப்போகும். தாங்க்ஸ்கிவிங் விடுமுறையில் எடுத்துவிடுங்கள்.

கரட்டுக்கு அவசரமே இல்லை. நாலைந்து உறைபனி விழட்டும். குளிர் பட்டதும் செடி தன்னைக் காப்பாற்ற வேரில் சீனியைக் கூட்டும். நவம்பரில் கிண்டிய கரட்டைக் கழுவிக் கடித்துப் பார்த்தவர் பிறகு கடையில் பை கரட் வாங்க யோசிப்பார். மண் இறுகி உறைய முன்பு எடுத்தால் போதும். ருட்டபாகாவும் அதே. பாஸ்னிப்புக்கு நவம்பரும் கணக்கில்லை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

4. உருளைக்கிழங்குக்குத் தோல் இறுகட்டும்.

செடி பழுத்துச் சாய்ந்ததும் ஓடிப்போய்க் கிண்டாதீர்கள். செடி செத்தபின் இரண்டு கிழமை கிழங்கு மண்ணுக்குள் கிடக்க வேண்டும், அப்போதுதான் தோல் தடிக்கும். ஒரு கிழங்கை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தோல் உரிந்து சுருண்டு வந்தால் இன்னும் காலம் ஆகவில்லை. அசையாமல் நின்றால் கிண்டலாம்.

மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழிந்த உலர்ந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து மண் களி. ஈரத்தில் கிண்டினால் கிழங்கோடு ஒரு கட்டி மண்ணும் வரும், அதைத் தட்டும்போது தோலும் போகும். ஃபோர்க்கைச் செடியின் அடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் குத்தி, மண்ணை அடியோடு தூக்கிப் புரட்டுங்கள். பிறகு கையால் துழாவுங்கள். கிண்டியதை மத்தியான வெயிலில் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கு பச்சை பிடிக்கும். பச்சை நிறம் வெறும் இலைப்பச்சைதான், ஆனால் அதோடு சேர்ந்து சொலனைன் என்ற நஞ்சும் கூடும், கசக்கும். ஓரத்தில் இலேசான பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் சீவி எறியலாம். முழுக்கப் பச்சையானதைக் குப்பையில் போடுங்கள்.

கிண்டியதும் நேரே குளிருக்குள் அனுப்பக்கூடாது. பத்து முதல் பதினைந்து பாகை வெப்பத்தில், இருட்டில், காற்றோட்டமாக இரண்டு கிழமை வையுங்கள். கராச்சின் மூலையில் பழைய போர்வையால் மூடி வைத்தாலும் சரி. அந்த இரண்டு கிழமைக்குள் கீறலும் சிராய்ப்பும் தாமாகவே தோல் மூடிக்கொள்ளும். இதைச் செய்யாமல் வைத்த கிழங்குதான் டிசெம்பரில் நாறுகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதிகம் விட்டுவிடுகிற படி இதுதான்.

பிறகு நாலு முதல் ஏழு பாகைக்குள் வைக்கலாம். அதற்குக் கீழே போனால் மாச்சத்து சீனியாக மாறும். பொரித்தால் கறுக்கும், கறி அசட்டு இனிப்பாக இருக்கும். அப்படி ஆகிவிட்டால் இரண்டு மூன்று கிழமை வீட்டுச் சூட்டில், இருட்டில் வைத்துப் பாருங்கள். ஓரளவு பழைய நிலைக்கு வரும்.

5. எறியாதீர்கள்.

கரட்டைப் பிடுங்கி வாளிக்குள் தூக்கிப் போடுகிற சத்தத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கண்டியிருக்கும், கண்டிய இடத்தில்தான் பூஞ்சணம் நுழையும். கிண்டும்போதே மூன்றாகப் பிரியுங்கள். முழுசானவை வைக்க; ஃபோர்க் குத்தியவை, வெடித்தவை, கவர்விட்டவை இந்த மாதம் சமைக்க; பழுப்பு நிறச் சுரங்கம் ஓடியவை, அதாவது கரட் ஈயின் புழு தின்றவை, நல்ல பகுதியை வெட்டி இன்றைக்கே சமைக்க. புழு இருக்கிற கரட்டைப் பெட்டிக்குள் விட்டால் அது உள்ளே இருந்தும் தின்னும்.

6. இலையை அன்றே வெட்டுங்கள்.

இலை பிடுங்கிய பிறகும் வேரிலிருந்து தண்ணீர் இழுக்கும். இரண்டு நாளில் கரட் தொய்ந்து வளையும். கரட்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் காம்பு விட்டு வெட்டுங்கள். பீற்றூட்டுக்கு மூன்று சென்ரிமீற்றர் விட வேண்டும், அடிவாலையும் தொடக்கூடாது, இல்லாவிட்டால் சிவப்புச் சாறு வடிந்து வெளிறிவிடும். அதன் இலையைச் சுண்டுங்கள், எறியாதீர்கள். பாஸ்னிப் இலையைக் கையுறை போட்டு, நீளக் கைச் சட்டையோடு வெட்டுங்கள். அதன் பால் தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் சுட்டது மாதிரிக் கொப்புளிக்கும், கறுத்த தழும்பு மாதக்கணக்கில் நிற்கும்.

7. கழுவுவதா, விடுவதா?

உருளைக்கிழங்கையும் வற்றாளையையும் கழுவவே வேண்டாம். கரட், பீற்றூட்டை மணலில் வைப்பதானால் மண்ணைக் கையால் தடவிவிட்டால் போதும், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். பிரிட்ஜில் பையில் வைப்பதானால் களிமண்ணோடு வைப்பது அருவருப்பு. குளிர்ந்த தண்ணீரில் அலசி, மேல் ஈரம் வடியவிட்டு வையுங்கள். இரண்டுக்கும் ஆதரவாளர் இருக்கிறார்கள், சண்டை பிடிக்க ஒன்றுமில்லை.

8. உங்கள் வீட்டிலேயே ஒரு கிடங்கு இருக்கிறது, அதைப் பழஞ்சாமான் அறையாக்காதீர்கள்.

இந்தப் பக்கத்து வீடுகள் பலவற்றில் முன்வாசல் மேடைக்குக் கீழே, பேஸ்மன்றிலிருந்து கதவு திறக்கிற ஒரு சின்னக் கொங்கிரீட் அறை இருக்கும். கோல்ட் ரூம் என்பார்கள். பழைய இத்தாலியக் குடும்பங்கள் அதில் வைனும் தக்காளிச் சாற்றுப் போத்தலும் வைப்பார்கள். எங்கள் ஆட்கள் அதில் அரிசி மூட்டை, உடைந்த சூட்கேஸ், சாமத்தியச் சடங்கு அலங்காரச் சாமான் எல்லாம் அடுக்குகிறார்கள். அரிசிக்கு அது நல்ல இடமில்லை, ஈரம் பிடிக்கும். வெளியே எடுங்கள்.

முதலில் ஒரு வெப்பமானியும் ஈரமானியும் வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். கதவின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டுங்கள், வீட்டு ஹீற்றிங் சூடு உள்ளே கசியாமலிருக்க. சுவரின் மேல் பக்கத்தில் காற்றுத் துளை இருக்கும், சில வீடுகளில் இரண்டு. இரண்டு இருந்தால் நல்ல காலம். ஒன்றில் முழங்கை வளைவுள்ள பிளாஸ்ரிக் குழாய் பொருத்தி, அதை நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம் வரை இறக்குங்கள். குளிர்காற்று கனம், குழாயால் கீழே இறங்கும். அறையிலுள்ள சூடு மேலுள்ள மற்றத் துளையால் போகும். விசிறி தேவையில்லை. ஒக்ரோபர் இரவுகளில் துளையைத் திறந்து, பகலில் மூடினால் அறை வேகமாகக் குளிரும். எலி வராமல் கம்பி வலை அடியுங்கள். தை மாதம் வெளியே மைனஸ் இருபதுக்குப் போகும் இரவில் துளைகளைப் பழந்துணியால் அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே உறைந்துவிடும்.

அறை முழுக்க ஒரே குளிராக இருக்காது. குழாய் இறங்குகிற நிலப்பகுதிதான் அதிகக் குளிர். பூச்சியம் முதல் இரண்டு பாகை வந்தால் அது கரட், பீற்றூட், ருட்டபாகாவுக்கு உரிய இடம். வீட்டுப் பக்கத்துச் சுவரோரம், மேல் தட்டு, நாலைந்து பாகை நிற்கும். அங்கே உருளைக்கிழங்கு. ஈரப்பதன் தொண்ணூறு வீதத்துக்கு மேல் வேண்டும். குறைந்தால் நிலத்தில் தண்ணீர் தெளியுங்கள். உருளைக்கிழங்கைப் பிளாஸ்ரிக் பையில் கட்டாதீர்கள். பாஸ்மதி அரிசி வருகிற சணல் பை அதற்கென்றே செய்தது மாதிரி இருக்கும். இருட்டாகவும் இருக்கும், மூச்சும் விடலாம்.

9. மணல் பெட்டி.

மணல் எதற்கு என்றால், ஒரு கரட் அழுகினாலும் பக்கத்துக் கரட்டைத் தொடாமலிருக்க, ஈரம் விடாமலிருக்க. சாமான் கடையில் பிள்ளைகள் விளையாடுகிற மணல் என்று பையில் விற்பார்கள், அது போதும். பனிக்கு வீதியில் தூவுகிற மணலை எடுக்காதீர்கள், உப்புக் கலந்திருக்கும். தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். பதம் பிட்டுக்கு மா குழைக்கிற பதம்: பிடித்தால் பிடியில் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

வாளியின் அடியில் மூன்று விரல் மணல். அதன்மேல் கரட்டை ஒன்றையொன்று முட்டாமல் படுக்க வையுங்கள். மூட மணல், பிறகு அடுத்த வரிசை. மேலே நாலு விரல் மணலோடு முடித்து, மூடியை இறுக்காமல் சாத்துங்கள். பெரிய தொட்டி எடுக்காதீர்கள். ஈர மணல் பொல்லாத பாரம், நிரப்பிய பிறகு இடுப்புத்தான் முறியும். சின்ன வாளிகள் நாலு நல்லது. ஒன்று கெட்டாலும் மூன்று மிஞ்சும். மணல் சுமக்க ஏலாதவர்கள் மருந்தடிக்காத மரத்தூளைப் பாவிக்கலாம். இப்படி வைத்த கரட் ஐந்தாறு மாதம் நிற்கும். பீற்றூட் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ருட்டபாகாவுக்கு மணல் அவசியமில்லை, வாடாமல் ஈரச் சாக்கால் மூடினால் போதும். கடையில் அதற்கு மெழுகு பூசி விற்பதும் வாடாமலிருக்கத்தான்.

10. கூடாத கூட்டு.

கோல்ட் ரூமில் அப்பிள் பெட்டி வைக்காதீர்கள். பழுத்த அப்பிள் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பட்ட கரட் கசக்கும், எவ்வளவு தேங்காய்ப்பால் விட்டாலும் அந்தக் கசப்புப் போகாது. வெங்காயமும் உள்ளியும் அங்கே வேண்டாம். ஊரில் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டி மாலில் தொங்கவிட்டது நினைவிருக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும், அதற்கு உலர்ந்த காற்று வேண்டும். இங்கே மூன்று கிழமை காற்றில் காயவிட்டு, கழுத்து வற்றியதும், குளிரான ஆனால் உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். வற்றாளை இந்தக் கூட்டத்தில் சேராது, அது வெப்பநாட்டுக்காரன். கிண்டியதும் வீட்டில் ஆகச் சூடான இடத்தில், ஃபேர்னஸ் பக்கத்தில், ஈரத்துணி மூடிப் பத்து நாள் வையுங்கள். பிறகு பதின்மூன்று பதினைந்து பாகையில். குளிரில் விட்டால் நடு இறுகி, எவ்வளவு அவித்தாலும் அவியாது.

11. கோல்ட் ரூம் இல்லையென்றால்.

பேஸ்மன்றில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகளும் கொண்டோக்காரரும் பிரிட்ஜின் கீழ்த் தட்டை நம்பலாம். துளையிட்ட பிளாஸ்ரிக் பை, உள்ளே ஒரு காகிதத் துவாய். கரட் மூன்று மாதம் தாராளமாக நிற்கும். அப்பிளை வேறு தட்டுக்கு மாற்றுங்கள்.

வளவு இருந்தால் நிலமே கிடங்கு. நவம்பர் நடுவில், மண் உறைய முன்பு, கரட் பாத்திக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு வைக்கோலும் இலைச்சருகும் போட்டு, பறக்காமல் மேலே தறப்பாள் விரித்துக் கல் வையுங்கள். இரண்டு முனையிலும் நீளத் தடி நடுங்கள், ஸ்நோ மூடினால் பாத்தி எங்கே என்று தெரியாது. கிறிஸ்மஸுக்கும் தைப்பொங்கலுக்கும் போய்க் கிண்டலாம். வைக்கோலுக்கு அடியில் எலிகள் குடியேறும் என்பது இதிலுள்ள சங்கடம். ஆகவே எல்லாவற்றையும் அங்கேயே விடாமல் பாதியை உள்ளே எடுங்கள். பாஸ்னிப்பை மட்டும் முழுசாகவே வெளியே விடலாம். பனி கரைந்ததும், புதுத் துளிர் விட முன்பு கிண்டுங்கள். அந்த நேரத்துப் பாஸ்னிப்பைப் பால்கறி வைத்தால் சீனி போட்டீர்களா என்று கேட்பார்கள். துளிர் விட்டபின் நார் பிடித்துவிடும்.

12. கிழமைக்கு ஒருமுறை மூக்கைக் கொண்டு போங்கள்.

கண்ணுக்கு முதல் மூக்குக்குத் தெரியும். உருளைக்கிழங்குச் சாக்கைக் கொட்டிப் புரட்டத் தேவையில்லை. வாயைத் திறந்து மணந்து பாருங்கள், நாறினால் மட்டும் கொட்டித் தேடுங்கள். அழுகியதையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் எடுங்கள். கதவைத் திறந்துவைத்து அறைக்குக் காற்று விடாமல் உள்ளே நிற்காதீர்கள், மூட்டையாய் அழுகிய உருளைக்கிழங்கின் வாயு ஆளை மயக்கும். சின்னக் கிழங்குகளை முதலில் சாப்பிடுங்கள், அவைதான் முதலில் வாடும்.

13. போத்தலில் அடைப்பவர்களுக்கு ஒரு கண்டிப்பு.

பீற்றூட்டை வினாகிரி ஊறுகாயாக, சோதிக்கப்பட்ட செய்முறையை அளவு மாற்றாமல் பார்த்துப் போடுங்கள். வினாகிரி இல்லாமல் வெறும் தண்ணீரில் கரட்டையோ பீற்றூட்டையோ போத்தலில் அடைத்து, கொதிநீரில் அவித்து அலுமாரியில் வைப்பது ஆபத்து. பொற்றுலிசம் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது. அதற்கென்று அமுக்கக் கலன் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இலேசாக அவித்து ஃபிரீசரில் போடுங்கள்.

14. ஏப்ரலில் மிஞ்சியது.

கரட் வெள்ளை வேர்முடி விட்டிருக்கும், தலையில் துளிர் வந்திருக்கும். சாம்பாருக்கு நல்லது. அதில் இரண்டை நட்டு விதை எடுக்கலாம் என்று தோன்றும். ஒன்றாறியோத் தெருவோரமெல்லாம் பூக்கிற வெள்ளைக் குடைப்பூ காட்டுக் கரட். அதன் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறை வெளிறிய நார்க்கட்டையாக வரும். விதையை வாங்குங்கள். முளைவிட்ட உருளைக்கிழங்கு இறுக்கமாக இருந்தால் முளையைக் கிள்ளிச் சமைக்கலாம், சுருங்கித் தொய்ந்ததை எறியுங்கள். அதை நடுவதைவிடச் சான்றுள்ள விதைக்கிழங்கு வாங்குவது மேல். பழைய கிழங்கு வைரஸ் நோயைச் சுமந்து வரும்.

மிஞ்சிய மணலைக் களிமண் பாத்தியில் கொட்டாதீர்கள். களி இளகும் என்று பலர் செய்கிறார்கள், கொஞ்ச மணல் சேர்ந்தால் அது இன்னும் இறுகும். அழுகல் பட்ட வாளியின் மணலை வேலியோரம் போடுங்கள். மற்றதைத் தறப்பாளில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கழுவிய வாளியில் போட்டு மூடிக் கராச்சில் வைத்துவிடுங்கள்.